மிடில் வேண்டும் என்றாள் மல்லிகா

மூன்றாவது பாட்டின் பாதியில் என் கித்தார் செத்துப்போனது.

அல்சூரில் ஓர் அம்மன் கோயில் தெரு. விஜயதசமி சாயங்காலம், ஏழு மணி இருக்கும். தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். முதலில் ஒரு சாமிப் பாட்டு, அடுத்து ஒரு டூயட், மூன்றாவதாக ஜனங்கள் எழுந்து ஆடுகிற மாதிரி ஒன்று. அந்த மூன்றாவதில், முதல் சரணம் முடிகிற இடத்தில், என் பேஸ் கித்தார் தொண்டை கட்டினவன் மாதிரி கரகரத்தது. ஐந்தாறு அடி அப்படியே இழுத்துக்கொண்டு போனது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

விரல் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது. கம்பி அதிர்வது கைக்குத் தெரிகிறது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. வால்யூமைத் திருகினேன். வயரை ஆட்டினேன். ஆம்ப்ளிஃபயரைக் குனிந்து பார்த்தால் அதில் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிகிறது.

மேடையில் நிற்கிறவன் என்ன செய்வான்? வாசிக்கிற மாதிரியே நின்றேன். தாளத்துக்குத் தலையைக்கூட ஆட்டினேன், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் அன்றைய நிகழ்ச்சி எனக்குப் பரீட்சை. தேறினால் ஆர்கெஸ்ட்ராவில் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இடது கை

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பகலில் நான் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களும் தேவராஜ் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவுக்கு. மாஸ்டர் டிரம்பெட் வாசிப்பவர். குழு அவருடையது, பிராக்டிஸ் நடப்பது அல்சூரில் அவர் வீட்டு மாடியில், கோபமும் அவர் ஒருவருக்குத்தான் அனுமதி.

பேஸ் கித்தார் என்றால் என்னவென்று சில வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும், தும் என்று கனமாக ஒன்று ஓடுகிறதே, அதுதான். இதை வாசிக்க ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை. நானும் ஆறு கம்பிக் கித்தாரில் ஸ்டைலாக வாசிக்க வந்தவன்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தான். நாலு கம்பிதான் காலியாக இருந்தது, நின்றுவிட்டேன். நின்ற பிறகு பிடித்துப்போயிற்று.

அந்த வருஷம் ஆவணியில் ஸ்டீபன் என்று ஒருவர் புதுக் கீபோர்டோடு குழுவில் சேர்ந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வலது கையில் பாட்டு போகும்போதே இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிராக்டிஸ் முடிந்ததும் என்னை மட்டும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"சம்பத்து, தப்பா எடுத்துக்காத. அவன் லெஃப்ட் ஹேண்ட்லயே பேஸ் வந்துடுது. உன் கித்தார் எங்க கேக்குது, சொல்லு."

"கேக்குது மாஸ்டர்."

"உனக்குக் கேக்கும் குரு. ஆம்ப் உன் காலுகிட்டதான இருக்கு. தசரா வரைக்கும் பாப்போம். விஜயதசமி புரோகிராம்ல அவன் லெஃப்ட் ஹேண்ட் போட வேணாம், நீயே வாசி. உன் பேஸ் தெரிஞ்சா இரு. இல்லன்னா சும்னே எதுக்கு மேடையில ஒரு ஆளு."

குரு என்பது எங்கள் ஊரில் சிநேகிதனைக் கூப்பிடுகிற சொல். சும்னே, வெறுமனே என்பதற்குக் கன்னடம். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தமிழில் திட்டினால் ஒரு வலி, கன்னடத்தில் திட்டினால் இன்னொரு வலி. மாஸ்டர் இரண்டையும் கலந்து திட்டுவார்.

அவள் நிற்கிற இடம்

ஈஜிபுராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் என் மனைவி மல்லிகாவிடம் கொட்டினேன். ஸ்டீபனை ஏசினேன். கீபோர்டைக் கண்டுபிடித்தவனை ஏசினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு. என் வாசிப்பு கேக்குதா கேக்கலியா?"

"உண்மையச் சொல்லவா, உங்க மனசுக்குச் சொல்லவா?"

"உண்மையத்தான்."

"கேக்காதுங்க."

கத்தி நிற்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

"முன்னாடி நாலஞ்சு வரிசைக்கு வருமோ என்னமோ. நாங்க பொம்பளைங்க கடைசியிலதான நிப்போம். பாடறது வரும், டிரம்ஸ் வரும். உங்க கை ஆடறது தெரியும். சத்தம் வராது."

"எத்தன வருஷமா?"

"கல்யாணமானதுலேருந்து."

ஒன்பது வருஷம். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும், எப்படி வாசித்தேன் என்று அவளிடம் கேட்பேன். நல்லா இருந்துச்சு என்பாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாகப் புத்தகம் தைப்பேன். இப்போது இப்படிச் சொல்கிறாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை, அது அவள் வழக்கமும் இல்லை.

இங்கே மல்லிகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெலிபோன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு சால்டரிங் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு போர்டுகளில் ஈயம் வைப்பாள். பெண் பார்க்கப் போனபோது அவள் காபி டம்ளர் நீட்டிய விரலில் சூட்டுத் தழும்பைப் பார்த்து, சமையலில் சுட்டதா என்று கேட்டேன். வேலையில் சுட்டது என்றாள். உங்கள் விரல் ஏன் காய்ப்புக் காய்ச்சிக் கிடக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். கித்தார் என்றேன். என் அத்தை அந்த இடத்திலேயே தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்ததும் மல்லிகாவே பேசினாள்.

"கித்தாரக் கொண்டாங்க."

பின்பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தாள். உள்ளே இருந்தது இரண்டு திருகு, ஒரு கண்டன்ஸர், நாலு வயர். திறந்தவள் கொஞ்சம் ஏமாந்து போனாள்.

"இவ்ளோதானா? பெரிசா என்னமோ இருக்கும்னு நெனச்சேன். சத்தம் வயர்ல போறதுக்கு முன்னாடி இங்கயே தூக்கிவிட ஒரு சர்க்யூட் வச்சா என்ன?"

அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கும் தெரியும். பெரிய ஹோட்டல்களில் இங்கிலீஷ் பாட்டு வாசிக்கிறவர்கள் வைத்திருந்தார்கள். ப்ரீஆம்ப் என்பார்கள். தீப்பெட்டி அளவு சர்க்யூட், ஒரு சதுர பேட்டரி, கித்தாருக்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். கடைக்கார பாயிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் அடிச்சத்தத்தைக் கூட்ட பேஸ், மேல்சத்தத்தைக் கூட்ட ட்ரெபிள் என்று இரண்டு திருகு. இன்னொன்றில் அந்த இரண்டுக்கும் நடுவே மிடில் என்று மூன்றாவதாக ஒன்று. ஆட்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக இரண்டையும் இரண்டு கித்தாரில் மாட்டி வைத்திருந்தார்.

"அரே சம்பத், பேஸ் கித்தாருக்கு பேஸ்தானே வேணும்? மிடில் கிடில் எல்லாம் எதுக்கு? இத வாசிச்சுப் பாரு."

முதலாவதை மாட்டி, பேஸ் திருகை முழுக்கத் திருப்பி, ஓர் அடி அடித்தேன். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. என் வயிற்றுக்குள் அது இறங்கியது. எனக்கு வேறெதுவும் வேண்டாம், இதைக் கட்டிக்கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மல்லிகாவைக் காணோம்.

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம், ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஆட்டோவும் ஸ்கூட்டருமாகப் போய்க்கொண்டிருந்தது. வாசிங்க என்று கையால் காட்டினாள். வாசித்தேன். மாத்துங்க என்று காட்டினாள். இரண்டாவதை மாட்டி, மிடிலை ஏற்றி, அதையே வாசித்தேன். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து அவளோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வந்து சொன்னாள்:

"மொதலாவது இந்தக் கண்ணாடிக்கு நல்லா கேக்குது. ரோட்டத் தாண்டல. ரெண்டாவது ஆட்டோ சத்தத்துக்குள்ள பூந்து வந்துச்சு. மிடில் இருக்கறத எடுங்க."

"அது நல்லாவே இல்ல மல்லிகா. சளி பிடிச்சவன் பேசற மாதிரி இருக்கு."

"தனியா கேட்டா அப்படித்தான் இருக்கும். நீங்க தனியாவா வாசிக்கப் போறீங்க?"

பாய் சிரித்துவிட்டார். "அக்கா சொல்றதுதான் சரி போல" என்று கட்சி மாறினார்.

இப்போது யோசித்தால் விளங்குகிறது. எங்கள் தெரு நிகழ்ச்சிகளில் மேடைக்குத்தான் பெரிய பெட்டி ஸ்பீக்கர். தெரு நெடுக மின்கம்பங்களில் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். அடி ஆழத்துச் சத்தத்தை அந்தக் குழாய் உமிழவே உமிழாது, விழுங்கிவிடும். நடுச்சத்தம்தான் அதன் வழியே வெளியே வரும். இந்த விவரமெல்லாம் அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவள் ஒன்பது வருஷம் அந்தக் குழாய்க்கு அடியில் நின்றவள், அவ்வளவுதான்.

மூன்றாவது ஓட்டை

புதுத் திருகுகளுக்காகக் கித்தார் உடம்பில் இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. பின்பக்கம் பேட்டரிக்கு ஒரு குழி. பக்கத்துச் சந்துத் தச்சர் துரப்பணத்தை வைத்தபோது நான் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன். அந்தக் கித்தாரை என் அப்பாவே தொட்டதில்லை, தொட விட்டதில்லை.

முடிந்தது என்று வந்தால், மல்லிகா பென்சிலால் இன்னொரு புள்ளி வைத்திருக்கிறாள்.

"இது எதுக்கு?"

"ஒரு சுவிட்ச். பேட்டரி தீந்துபோச்சுன்னா இதத் தட்டிவிட்டா போதும், பேட்டரி இல்லாமயே பழையபடி சத்தம் வரும்."

"புது பேட்டரி போடறோம், அது ஏன் தீருது?"

"எல்லா பேட்டரியும் தீரும்ங்க."

"மூணாவது ஓட்டை கெடையாது. இது கித்தாரா, இட்லித் தட்டா?"

விட்டுவிட்டாள். நான் குரலை உயர்த்தினால் அவள் ஒரு முறைதான் பார்ப்பாள், அப்புறம் தன் வேலையைப் பார்ப்பாள்.

அன்று மத்தியானம் ஜன்னல் ஓரம் பாய் போட்டு உட்கார்ந்து சால்டர் வைத்தாள். அவள் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஈய வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூக்கில் ஏறும் புகையை ஓரமாக ஊதிவிட்டு, ஒரு புள்ளி, அடுத்த புள்ளி. கை நடுங்கவே இல்லை. மேடையில் பத்து வருஷம் நின்ற எனக்கு அந்த நிதானம் வந்ததில்லை. அவள்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் தாலி கட்டிய அன்றுகூட வரவில்லை. சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

மூடியை மூடிவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இதுக்குத் தனியா ஆன், ஆஃப் கெடையாது. கித்தார்ல வயரச் செருகினா ஆன். உருவினா ஆஃப். வயரோட அந்த முனை எதுல இருந்தாலும் சரி, எதுலயும் இல்லன்னாலும் சரி. வாசிச்சு முடிச்சதும் உருவிடணும்."

சரி சரி என்றேன்.

மூன்று நாள் பூஜை

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. தசராவில் ஏழாம் நாள் எல்லா வாத்தியமும் அவர் வீட்டு மாடிக்கு வந்துவிட வேண்டும். புது வேட்டி விரித்து, டிரம்ஸ், கீபோர்டு, டிரம்பெட், மைக் எல்லாவற்றையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அந்த மூன்று நாளும் எந்த நிகழ்ச்சியும் ஒப்புக்கொள்ள மாட்டார். பத்தாம் நாள் காலையில் தீபாராதனை காட்டிய பிறகுதான் யாரும் தொடலாம். தவறித் தொட்டவனுக்கு அந்த வருஷம் மேடை இல்லை.

வாத்தியம் முழுசாக இருக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். கித்தார் வந்தால் அதன் வயரும் வர வேண்டும், அதுவும் மாட்டிய மேனிக்கு.

"வயர் இல்லாத கித்தார் எதுக்காகும்? அதுக்கும் பொட்டு வைப்பா."

வருஷா வருஷம் செய்ததையே நானும் செய்தேன். வயரின் ஒரு முனையைக் கித்தாரில் செருகி, மீதியைச் சுருட்டி, அதன்மேல் ஒரு முழம் சாமந்தி வைத்தேன். புதுத் திருகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சந்தனப் பொட்டு. ஜாக் செருகிய இடத்தில் குங்குமம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மல்லிகா பூஜைக்கு வரவில்லை. லீவுக்குச் சந்தாபுராவில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வந்திருந்தால் படியேறும்போதே கண்டுபிடித்திருப்பாள். மாஸ்டர் பூட்டிய கதவுக்கு உள்ளே, மூன்று பகலும் மூன்று இரவும், பூ வைத்த என் கித்தார் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் வயரை உருவி வண்டியில் ஏற்றியதில் பேட்டரிக்குக் கொஞ்சம் இளைப்பாறல் கிடைத்திருக்கிறது. அந்தத் தெம்பில்தான் இரண்டரைப் பாட்டு ஓடியது.

யாரும் திரும்பவில்லை

மேடைக்குத் திரும்புவோம். மூன்றாவது பாட்டு நான் இல்லாமல் முடிந்தது. கைதட்டினார்கள். மாஸ்டர் இடைவெளி விடாமல் நாலாவதற்குக் கை காட்டினார். ஸ்டீபன் சொன்ன சொல் தவறாதவர், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்தார். பாட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அந்தச் சுவிட்ச் இருந்திருந்தால் ஒரு தட்டு, தீர்ந்தது விஷயம்.

குழுவிலிருந்து அனுப்பிவிடுவார்களே என்ற பயம்கூட எனக்கு அப்போது வரவில்லை. யாரும் திரும்பவில்லை. மாஸ்டர் திரும்பவில்லை, ஸ்டீபன் திரும்பவில்லை, ஆடுகிற ஜனம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் இல்லாவிட்டாலும் இப்படித்தான் நடக்கும், எதுவும் குறையாது என்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டம் நடுவில் பிளந்தது. தோளில் ஊர்ப் பையோடு, ஆடுகிறவர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு மல்லிகா வந்தாள். மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி, திரை மறைவில் நின்று என்னைக் கூப்பிட்டாள். வாசிக்கிற பாவனையிலேயே நகர்ந்து போனேன்.

"வயரச் செருகியே வச்சிருந்தீங்களா?"

"பூஜையில வச்சேன்."

"எத்தன நாளு?"

"மூணு."

அவள் திட்டவில்லை. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். வேறு பேட்டரி என்னிடம் இல்லை. பண்டிகை நாளில் கடையும் இல்லை.

திரைக்குப் பக்கத்தில் பாபு நின்றிருந்தார். மாஸ்டரின் மச்சான், எங்கள் அறிவிப்பாளர், நடுநடுவே மிமிக்ரியும் செய்வார். அவர் கையில் வயர் இல்லாத மைக். அந்தக் காலத்தில் அது புதுசு, அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி நடப்பதற்காகவே இல்லாத ஜோக்கெல்லாம் சொல்வார். அதற்கும் அதே சதுர பேட்டரிதான். எனக்கு அது தெரியாது, மல்லிகாவுக்குத் தெரிந்திருந்தது.

"பாபு அண்ணா, மைக்கக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா? அடுத்தது நான் பேசணுமே."

"பேசுவீங்க. குடுங்க."

கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு நானும் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். அடி மூடியைத் திருகி, பேட்டரியை எடுத்து, கித்தாரின் பின் மூடியை நகத்தால் நெம்பி, பழையதைப் பிடுங்கிப் புதியதை அழுத்தினாள். மைக்கை மூடி அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"போங்க" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நாலாவது பாட்டின் கடைசிச் சரணம். தாளம் தொடங்கும் இடம் பார்த்து ஓர் அடி அடித்தேன். வந்தது. மேடையில் மட்டுமில்லை, தெருக்கோடிக் குழாயிலிருந்தும் அது திரும்பி என்னிடம் வந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். மாஸ்டர் டிரம்பெட்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஸ்டீபன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன், அவர் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும்.

அடுத்து பாபு போய் மூன்று நிமிஷம் மிமிக்ரி செய்தார். ஒரு சத்தமும் வரவில்லை. ஜனங்கள் அதுதான் ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என்னோடு பேச ஆறு மாதம் ஆனது.

நிகழ்ச்சி முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார்.

"நடுவுல எங்கப்பா போயிருந்த?"

"இங்கதான் நின்னேன் மாஸ்டர்."

"பாட்டு என்னமோ பொத்துனு உக்காந்துடுச்சு. என்னன்னு பிடிபடல, டிரம்ஸ்காரன மொறச்சிக்கிட்டு இருந்தேன். நீ திரும்ப வந்தப்புறம்தான் நீ இல்லன்னே தெரியுது." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நேரத்துக்கு வா. லேட்டா வந்தா கதவத் தெறக்க மாட்டேன்."

அவ்வளவுதான் என் பரீட்சை முடிவு. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தக் குழுவில் வாசித்தேன்.

ஈஜிபுராவுக்கு ஆட்டோ பிடித்தோம். கித்தார் எங்கள் நடுவில், ஊர்ப் பை அவள் மடியில். தொம்லூர் தாண்டும்போது கேட்டேன்.

"மேல நின்ன மாஸ்டருக்கே தெரியல. கடைசியில நின்ன உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் எங்க கடைசியில நின்னேன். கூட்டத்துக்கே வந்து சேரல. பஸ்ஸ விட்டு மெயின் ரோட்டுல எறங்கறேன், சாமிப் பாட்டு நடக்குது, அதுல உங்க சத்தம் வருது. இத்தன வருஷத்துல மொத தடவ. கால் நகரல, அங்கயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். திடீர்னு நின்னுபோச்சு."

"வேற யாருக்கும் தெரியலியே."

"அவங்க பாட்டு கேக்க வந்தவங்க. நான் உங்களக் கேக்க வந்தேன்."

நான் அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அவள் முந்தானையை என் பக்கம் தள்ளினாள்.

"ஆட்டோக்காரர் கண்ணாடியில பாக்கறாரு. தொடச்சுக்குங்க."